பேனலுக்கு அடியில் வெந்நீர்

சேலையூர், தாம்பரம் கிழக்கு
23-5-1993

அன்பு மகன் தனசிங்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்தக் குளிரில் உன்னையும் சுகமாய் வைத்திருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். உன் கடிதம் லடாக்கில் லேயிலிருந்து மெதுவாக வந்து சேர்ந்தது. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் சோலார் விளக்கு மாட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், இங்கே கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை, பார்சல் கட்ட முடிந்தால் பாதியை உனக்கு அனுப்பியிருப்பேன். ஹில்டா சித்தி பொழிச்சலூருக்குக் குடிபோய்விட்டாள், தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறதாம், சித்தப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாதம் வந்த வலது கை அப்படியேதான் இருந்தது. காலையும் மாலையும் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர், இவரோ செத்த கைக்கு எதுக்கு கிருஷ்ணாயில் என்று ஒரே பேச்சாகச் சொல்லி ஸ்டவ்வை அணைக்க வைத்துவிட்டார். போன மாதம் பென்ஷன் வாங்கப் போனபோது கையெழுத்து வரவில்லை, பேங்க்கில் மைத்திண்டை நீட்டினார்கள், பெருவிரல் ரேகை வைத்தார். ரயில்வே மின்சாரப் பணிமனையில் இத்தனை வருஷம் ஜீவரத்தினம் என்று கையெழுத்துப் போட்ட மனுஷர். வீட்டுக்கு வந்து விரலை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார், அன்றிலிருந்து பேச்சும் குறைந்துபோனது. உனக்கு அங்கே கவலை வேண்டாமென்று அப்போது எழுதவில்லை.

பிப்ரவரியில் நீ வந்திருந்தபோது கரண்ட் போனால் அப்பாவுக்குப் புழுங்கக் கூடாது என்று மாடியில் ஒரு சோலார் பேனலும் கட்டிலுக்கு மேலே அந்தச் சின்ன விசிறியும் மாட்டிவிட்டுப் போனாயே, அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலை பத்து மணிக்கு நன்றாகச் சுற்றும் விசிறி, உச்சி வெயிலில் சோர்ந்து சுற்றுகிறது. வெயில் அதிகமானால் வேகமும் அதிகமாக வேண்டாமா. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், என்னையே சமாளிக்க முடியவில்லை. சூடுதான் பேனலுக்கு எதிரி, விழுகிற வெயிலில் பத்தில் ஒரு பங்குதான் கரண்டாகிறது, மிச்சமெல்லாம் பெரும்பாலும் சூடாகிவிடுகிறது என்று நீ பதில் எழுதினாய். அதைப் படித்ததும் நிம்மதி வருவதற்குப் பதில் இன்னொரு கேள்வி வந்தது, அவ்வளவு சூடும் எங்கேதான் போகிறது.

நீ திட்டுவாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பேனலைக் குளிர வைப்போம் என்று நாலு நாள் மத்தியானம் போர் தண்ணீரை அதன் தலையிலேயே ஊற்றினேன். ஊற்றியவுடன் விசிறி துள்ளிக்கொண்டு சுற்றும், எனக்குப் பெருமை தாங்காது. வேலைக்கு வரும் அங்காளம்மாள் துணி காயப்போட வந்தவள், குடிக்க ஒரு குடம் தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடிகினு கீறோம், நீ இன்னாம்மா கண்ணாடிக்குத் தலைக்கு ஊத்திகினு கீறே என்று கேட்டாள். நம் போர் தண்ணீரின் உப்பு தெரிந்த நானே யோசிக்கவில்லை பார், ஐந்தாம் நாள் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துப்போய் விசிறி முன்னைவிட மோசமானது. எலுமிச்சம்பழம் தேய்த்து ஒருவழியாகப் போக்கினேன். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அது விரிசல் விடாமல் தப்பியது கர்த்தர் செயல்.

அப்புறம்தான் தண்ணீரை மேலே ஊற்றாமல் அடியில் ஓட விட்டால் என்ன என்று தோன்றியது. கேம்ப் ரோட்டில் தகரக்கடை வைத்திருக்கும் ஜெயவேலுவை வீட்டுக்கே வரவழைத்து, பேனலின் முதுகோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி தட்டையாக ஒரு தகர டப்பா பற்றவைக்கச் சொன்னேன், இது இன்னா டீச்சர், தோசைக்கல்லுக்கு அடியில மூடியா என்று சிரித்தான். ஒயர் சேருகிற அந்தக் கறுப்புப் பெட்டியில் தண்ணீர் படக் கூடாது, அந்த இடத்தை வெட்டிவிடச் சொல் என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பா தானாகப் பேசிய பேச்சு அது. மாடிப்படிக் கூரைமேல் ஒரு தண்ணீர் டிரம்மை ஏற்றினோம், அதிலிருந்து டியூப் டப்பாவுக்குள் போய், வெளியே வந்து, அப்பா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு பித்தளைக் குழாயில் முடிகிறது. கீழே வாளி. வருகிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தேன், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெந்நீர். ஒரு சொட்டு கிருஷ்ணாயில் இல்லை, மேலே விசிறியும் ஜோராகச் சுற்றுகிறது. மிச்சத் தண்ணீர் பாத்திரம் கழுவப் போகிறது, அங்காளம்மாளும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. குழாயை நிறையத் திறந்தால் பேனல் குளிர்ந்து விசிறி வேகமாகிறது, ஆனால் தண்ணீர் சும்மா வெதுவெதுப்புத்தான். கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் நன்றாகச் சுடுகிறது, விசிறி சோர்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் எது என்று அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது, குழாயைத் திருகுவது, விசிறியைப் பார்ப்பது, வாளியில் கை விடுவது, மறுபடியும் திருகுவது, இதே வேலை. ஜன்னல் அவருக்கு வலது பக்கம். நான் திட்டம் போட்டு வைத்தேன் என்று நினைக்காதே, வீட்டில் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. முதலில் இடது கையால் எட்டி எட்டித் திருகினார், தோள் வலித்தது. ஒருநாள் சாப்பிடக் கூப்பிடப் போனால் வலது கை வாளிக்குள் கிடந்தது. அதை எடுத்துக் குழாய்மேல் வைத்து, விரல்களை மடக்கி மடக்கித் திருகிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று, சத்தம் போடாமல் அழுதுவிட்டுத் திரும்பி வந்தேன். சாப்பாடு ஆறிப்போனது, போகட்டும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, கேட்டால் விட்டுவிடுவாரோ என்று பயம்.

இப்போது உனக்கு என் கேள்விகள். குளிரில் பேனல் நன்றாக வேலை செய்கிறது என்கிறாய், சரி, ஆனால் அங்கேயும் அதன் முதுகு சுடத்தானே செய்யும், அந்தச் சூட்டை ஏன் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். வெந்நீருக்குச் சாணி வறட்டி எரிக்கிற ஊர் என்று நீதானே எழுதினாய். ராத்திரி தண்ணீர் உறைந்து டப்பா வெடித்துவிடுமோ, சாயங்காலமே வடித்துவிட்டால் ஆகாதா. உங்கள் பெரிய இன்ஜினீயரிடம் கேட்டு எழுது, தாம்பரத்து டீச்சர் கேட்டாள் என்றே சொல்.

கால் உறையை ஈரத்தோடு போடாதே, வெண்ணெய் டீயிலேயே வயிற்றை நிரப்பாதே, ஞாயிற்றுக்கிழமை கோயில் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசி. போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஒன்றாம் தேதி பேங்க்குக்குப் போகிறோம், அதற்காகவும் ஜெபம் பண்ணு. கடிதத்தை மடிக்கப் போனேன், அப்பா பேனாவைக் கேட்டார். கீழே கோணலாக இருப்பதைப் பார்த்து மை கொட்டிவிட்டது என்று நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினபாய்

ஜீ வ ர த் தி ன ம்