மீன் தொட்டி பிளக்கில் பூஸ்டர்

என்னங்க, நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பேசினால் மறுபடி சண்டை வரும், அதனால் எழுதுகிறேன்.

பாதி விலைக்குப் பேசி முடித்தேன் என்று மார்தட்டி வாங்கி வந்த வைஃபை பூஸ்டரைக் கடைசி அறையில், மகளின் மேசை மேலேயே வைத்திருக்கிறீர்கள். அங்கேதான் சிக்னலே வருவதில்லையே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சரக்கு வராத ஊரில் கடை போட்டால், கடைக்காரரான எங்கள் அப்பா சிரிப்பார்.

அதைக் கழற்றி, மோடம் இருக்கிற ஹாலுக்கும் அவள் அறைக்கும் நடுவே நடைவழியில் மாட்டுங்கள். அங்கே இருக்கிற ஒரே பிளக்கில் உங்கள் மீன் தொட்டி மோட்டார் ஓடுகிறது. ஒரு மணி நேரம் நிறுத்தினால் மீன்கள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விடாது.

இன்று பதினோரு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூவை மறுபடி வைக்கிறார்கள். மூன்றாவது தடவை கேட்க முடியாது.

இன்னொன்று. நேற்று இன்டர்வியூ பாதியில் நின்றபோது, “பதில் தெரியாம முழிச்சிட்டு நெட்டைக் குத்தம் சொல்றா” என்றீர்களே, அது அவள் காதில் விழுந்துவிட்டது. ராத்திரி அவளுக்கு மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. தப்பு பூஸ்டரை அங்கே வைத்தவர் மேல்தான் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள்.