மின்வெட்டில் ஓடிய கியூபா

மாப்ளே,

விரலெல்லாம் துரு வாசனை. நம் மயிலாப்பூர் மன்றத்தில் பழைய இரும்பு மடக்கு நாற்காலிகளை எடைக்குப் போட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு, பட்டத்து யானைமேல் பவனி வரும் மன்னனாக வீடு சேர்ந்தேன். முதுகுத் தகட்டைத் தட்டினேன். டங்கென்றது. நீ வந்துவிட்டாய்.

தொண்ணூறுகளில் நம் திரைப்பட வட்டத்தின் முதல் படமே கியூபா பற்றிய ஆவணப்படம். சைதாப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புரொஜெக்டரைச் சுமந்து வந்தாய். மன்றச் செயலர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பாதியில ஜனம் எழுந்து போச்சுன்னா அடுத்த மாசம் ஹால் கிடையாது. பஜனைக்குக் கேட்டுண்டிருக்கா."

திரையில் ஹவானா. வெள்ளைக்கார அதிகாரிகள் மேளத்தைப் பிடுங்கிக்கொண்டதால் சரக்குப் பெட்டிகளைத் தட்டிப் பாடிய துறைமுகக் கூலிகளின் கதை. கூட்டம் கச்சேரிப் பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தோற்றது. என் பக்கத்திலிருந்தவர் ஆதி தாளத்தோடு உள்ளே இறங்கி, திரும்பும் வழி தெரியாமல் இன்றுவரை ஹவானாவிலேயே குடியிருப்பதாகக் கேள்வி. அப்புறம் சோவியத் கப்பல்கள் நின்றன, எண்ணெய் தீர்ந்தது, ஹவானா தெருக்கள் இருண்டன. அதே நொடி மன்றமும் இருண்டது. படம்தான் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மின்விசிறி நின்றதும் புரிந்துவிட்டது. கால்கள் செருப்பைத் துழாவின. "போச்சுடா" என்றேன்.

"இன்னா மாமா போச்சு? படம் ஓடிக்கினு கீது. பேசாம குந்து."

உன் வயதேயான என்னை ஊர் கேட்க மாமா என்பவன் நீ. நாற்காலியை மடக்கி, தட்டிக்கொண்டே மீதிப் படத்தைச் சொன்னாய். "இப்ப ஒரு கெயவி சைக்கிள்ல வருது. பெட்ரோல் இல்ல. அமெரிக்காக்காரன் எதையும் உள்ள வுட மாட்றான். இவங்க கவர்மென்ட்டு, எதுத்துப் பேசறவன உள்ள போட்டுக்கினு கீது. ரெண்டையும் தாங்கிக்கினு ஆடுது பாரு கெயவி."

இருட்டில் ஒரு மாமி கேட்டாள்: "என்ன கலர் புடவை?"

"கவுனும்மா. மஞ்ச கவுனு."

கரண்ட் வந்தபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. செயலர் முன்வரிசையில், தப்புத் தாளத்தில், தொடை சிவக்க அடித்துக்கொண்டிருந்தார்.

நீ போய்ச் சேர்ந்தபின்னும் வட்டத்தை நடத்துகிறேன். எல்லாம் செல்போனில் வருகிறதே, மூடிவிடேன் என்கிறார்கள். போன சனிக்கிழமை படத்துக்கு நாலே பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். நடுவில் புரொஜெக்டர் படுத்துவிட்டது. அப்போது மன்றத்திலேயே கிடந்த இதே நாற்காலியை மடக்கி, உன்னைப்போலத் தட்டிக்கொண்டே மீதியைச் சொன்னேன். என் தாளம் செயலரைவிட மோசம்.

மழை விட்டது. ஒதுங்கியவர் எழுந்து போகவில்லை, மாப்ளே.