தச்சர் வந்த தேதிகள்

அன்புள்ள இல்லாளுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கடையில் குடை எந்த நாளில் எவ்வளவு விற்கும் என்று கணிக்க, கணினிக்காரப் பெண்ணொருத்தி மழை, பள்ளி விடுமுறை, விற்பனை என்று கட்டங்கள் போட்டு, எதனால் எது நடக்கிறது என்று அம்புக்குறியால் இணைக்கிறாள். நானும் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் தச்சர் நம் வீட்டுக்கு வந்த தேதிகள், என் அக்கா சொன்னவை. மற்றதில் நாம் பேசுவது குறைந்த தேதிகள், என் போனில் இருந்தவை. தச்சரிலிருந்து நம் பேச்சுக்கு அம்பு போட்டேன். அந்த ஆளால்தான் நம் பேச்சு குறைந்தது என்று நினைத்தேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தேதியப் பாருங்கண்ணே. நீங்க போன் பண்றத நிறுத்துன பிறகுதான் தச்சர் வந்திருக்காரு. அம்பைத் திருப்பிப் போடுங்க."

போட்டேன்.

அலமாரிக் கதவு மட்டும் பாக்கி என்றாயே, அது தொங்கட்டும். கீல் அளவை எழுதி அனுப்பு, நானே வந்து மாட்டுகிறேன். அதுவரை அந்த மனிதருக்கு டீயும் வேண்டாம்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. இன்று மாலை கூப்பிடுகிறேன், எடு.

உன் வீட்டுக்காரன்