கோழி மருந்து

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில், என் பக்கத்து அறை அக்கா தன் கணவரின் காலில் இருந்த புண்ணைத் துணியால் துடைத்தாள். பிறகு சிவப்பும் மஞ்சளுமான மாத்திரைக் கூட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிரித்து, உள்ளே இருந்த மஞ்சள் தூளைப் புண்ணின் மேல் தூவினாள்.

"போடாதக்கா!" என்று கத்திவிட்டேன்.

"என்னா இந்தப் பொண்ணு, பேயப் பாத்த மாதிரி கத்துது" என்றார் அவர்.

நான் பார்த்தது உன் கையை.

நீயும் நானும் கிள்ளானில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் நான் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நீ காப்பார்ப் பக்கம் கோழிப் பண்ணைக்குப் போனாய். உன் மதிப்பெண் என்னுடையதைவிடக் குறைவில்லை. உன் அப்பா நோயில் படுத்துவிட்டார், வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டியிருந்தது. நம் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் தலைவிதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் தின்னும் கோழிகளின் குடலில் இருக்கும் கிருமிகள் எந்த மருந்துக்குச் சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பது எங்கள் கூடத்தின் ஆராய்ச்சி. அதற்கு உன் பண்ணையே கிடைத்தது. பஞ்சு சுற்றிய குச்சிகளோடு நான் வந்து நின்றபோது, நீ சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

"கோலாலம்பூர் வரைக்கும் போயி, கடைசில கோழி பின்னால தொடைக்கிற வேலையாடீ?"

நீதான் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தாய். பிறகு உன் வேலையைப் பார்த்தாய். தீவனத்தின் மேல் மஞ்சள் மருந்துத் தூளைக் கொட்டி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தாய். கையுறை இல்லை. கூண்டுக் கம்பி கிழித்த பழைய கீறல்கள் கையெல்லாம் இருந்தன. ஒன்றில் இரத்தம் கசிந்ததும், அதே தூளை ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் அப்பிக்கொண்டாய். காய்ச்சல் வந்தால் தண்ணீரில் கலக்கிக் குடிப்போம் என்றும் சொன்னாய்.

"இது கோழி மருந்துடீ!"

"கோழிக்கே நல்லாவுது, நமக்கு ஆவாதா? கிளினிக்குப் போனா, வேல வாங்குற மண்டோர் சம்பளத்த வெட்டிடுவான் லா. தூளு சும்மா குடுக்குறான்."

வேண்டாம் என்று நான் மறுபடியும் சொன்னதற்கு, "லேப்புக்காரி வந்துட்டா, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று மற்ற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

எங்கள் வேலை எளிது. தட்டில் கிருமியை வளர்த்து, மேலே மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வெற்று வட்டம் தெரியும். உங்கள் கோழிகளின் தட்டுகளில் பெரும்பாலான வில்லைகளுக்கு வட்டமே இல்லை. விளிம்புவரை கிருமி பாசியாகப் படர்ந்திருந்தது. வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எங்கள் தலைவர் எட்டிப் பார்த்து, "பியூட்டிஃபுல்!" என்றார்.

"டாக்டர், தூளு பிசையுறவங்க கையையும் பாக்கணும்."

"கோழிதாம்மா நம்ம ஸ்டடி. ஆளுங்க வேற டிபார்ட்மென்ட்."

அந்த வேறு டிபார்ட்மென்ட் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் ஒரு புதிய கம்பிக் கீறல். அதற்கும் தூள்தான் போட்டிருக்கிறாய். கை தோள் வரை வீங்கிச் சிவந்த பிறகுதான் மண்டோர் உன்னை லோரியில் ஏற்றியிருக்கிறான். ஊசி மேல் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

"வேற மருந்து மாத்த சொல்லுடீ. நீ லேப்புலதான இருக்க, ஒன் பேச்ச கேப்பாங்க லா."

நான் அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அண்ணனிடம் கெஞ்சி, உன் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த தட்டைப் பார்த்தேன். எங்கள் மேசையில் தினமும் பார்க்கும் அதே பாசி, அதே வட்டமில்லாத வில்லைகள். ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம். அந்த மருந்து அங்கே கையிருப்பில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தார்கள். அதை ஏற்றத் தொடங்கியபோது கிருமி இரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

ஒரு கம்பிக் கீறல்! நம் வயதில் யாராவது கீறலால் சாவார்களா? சாவு வீட்டில் நான் அழவில்லை. நீ போய்விட்டதை அப்போதும் நம்ப முடியாமல் இருந்தது.

உன் கிருமி கோழியிடமிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது என்றார் எங்கள் தலைவர். முடியாதுதான். உங்கள் கைகளை யாரும் பார்க்கவில்லையே. ஆராய்ச்சிக் கட்டுரையை அரங்கில் வாசித்தபோது பண்ணை முதலாளிக்கு நன்றி சொன்னார்கள். கோழி பிடித்துக் கொடுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து அதைக் கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இப்போது விடுமுறை நாட்களில் நானாகவே உன் பண்ணைக்குப் போகிறேன். வாசலுக்கு வெளியே நின்று, வேலை முடிந்து வரும் பெண்களின் கைகளைப் பார்க்கிறேன். போன வாரம், உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணின் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்தேன்.

"இதுல என்னாக்கா தெரியும்?"

"ஒனக்கு எந்த மருந்து கேக்காதுன்னு தெரியும்."

"அப்ப எது கேக்கும்?"

அவள் கையைத் திருப்பிப் பிடித்தேன். அவள் கை சுட்டது. காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லக்கா, வெயிலு" என்று கையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அந்தச் சூடு என் விரல்களை விட்டுப் போகவில்லை. நாளை அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். வரமாட்டேன் என்றால், வருகிறேன் என்று சொல்லும்வரை அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.