குட்டியின் நாடக வகுப்பு

காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன், சாவி ஷூ அலமாரி மேல் இருக்கிறது.

பள்ளி முடிந்ததும் குட்டி செஸ்ஸுக்குப் போகட்டும், அங்கே வாய் திறக்க வேண்டியதில்லை என்று முந்தாநாள் உன்னிடம் கத்தினேன். திக்கிப் பேசும் பிள்ளையை நாடக வகுப்பில் விட்டால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயம்தான்.

நேற்று நாடக வகுப்பு எப்படி என்று பார்க்க நீ அவளை விட்டுவந்தாயே, கூட்டிவரச் சீக்கிரமே போன நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். இவள் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். டீச்சர் பாவப்பட்டு எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். நம் ஏழு வயசுக்காரி கையை உயர்த்தி, "இ... இருங்க மிஸ், நான் இன்னும் முடிக்கல" என்றாள். முடித்தும் காட்டினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. இந்தத் தைரியம் சத்தியமாக என் பக்கத்து ரத்தம் இல்லை.

நாடக வகுப்பில் சேர்க்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் பையில் வைத்துவிடு. கத்தியதற்கு மன்னித்துக்கொள்.

பி.கு.: வீட்டில் அவள் திக்கும்போதெல்லாம் நான்தான் முந்திக்கொண்டு முடித்துவைக்கிறேன். இனி அப்படிச் செய்தால் மேசைக்கடியில் என் காலை மிதி.