காதுக்குப் பின்னால் சிக்கு

பெங்களூரு,
ஞாயிறு

அன்புள்ள கனகலட்சுமிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சங்கரன்கோவிலில் நீயும் பிள்ளையும் எப்படி என்று போனில் கேட்டால், "எங்களுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்பாய். அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கு, நேற்று நம் சிவகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் சடைநாயைக் கொண்டுவந்தார். பெயர் லட்டு. "தினமும் சீவுதேன் தம்பி. குளிப்பாட்டி விட்டாப் போதும்" என்றார். மேலே பட்டு மாதிரிதான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிக்கோடு நனைத்தால் முடி இன்னும் இறுகிவிடும். காதுக்குப் பின்னால் விரலை விட்டேன். கம்பளிபோல் திரண்டிருந்தது. அவரோ என் மிஷினையே சந்தேகமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, நீங்களே கையை வச்சுப் பாருங்க. பெறவு நான் சும்மா வெட்டிட்டேன்னு சொல்லக் கூடாது" என்றேன்.

தொட்டவர் நாயை என் பக்கம் நகர்த்திவிட்டார். மழித்து எடுத்தால் அடியில் புண். இத்தனை நாளும் மேலோடுதான் சீவியிருக்கிறார். புண்ணைத் துடைத்தபோது லட்டு என் விரலைக் கவ்விவிட்டது. லேசாகத்தான்.

ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் நீ வாங்கிய மரச்சீப்பை அனுப்பு. இங்குள்ளவை அடிமுடிவரை போகவில்லை. கழுவ வேண்டாம், உன் முடி ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று. மூன்று வாரமாக வீடியோவில் இடது கையால்தான் முடியை ஒதுக்குகிறாய். வலது கையை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. பதிலை நீயே எழுது, பிள்ளையை எழுதவிடாதே. எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் எழுத்து கோணலாக இருப்பது அவசரத்தால்தான்.

உன்,
இசக்கிராஜா