ஸ்வெட்டரைப் படித்த இயந்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

புரதத் துண்டில் அமினோ அமிலங்கள் பாசிமணி கோத்ததுபோல் இருக்கும் என்றேனே, அந்த வரிசையைத் துளியூண்டு மாதிரியிலேயே படிக்க இரண்டு வருடமாகப் புது முறை தேடினேன். போன வாரம் இயந்திரத்தில் அருமையான வரிசை வந்தது. துள்ளிக் குதித்தேன். பேராசிரியர் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இது செம்மறியாட்டு ரோமம்மா. உன் ஸ்வெட்டர்லருந்து விழுந்திருக்கு."

நீ பின்னியதுதான். மானம் போயிற்று என்று நின்றேன். "ஒத்த இழையவே படிச்சிடுச்சே, உன் முறை ஜெயிச்சாச்சு" என்று கைகொடுத்தார்.

இனி ஆய்வகத்தில் கம்பளிக்குத் தடை. பருத்தி நூலில் ஒன்று பின்னி அனுப்பு, கை நீளமாக. பழையதை அறைக்கு வந்ததும் போட்டுக்கொள்கிறேன். அறையில் ஹீட்டர் இருக்கிறது, இருந்தாலும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்